செங்கமலத்தின் கடைசிப் பக்கம்

காளீஸ்வரிக்கு இளவரசர்களைக் கண்டாலே ஆகாது. ஆறாம் வகுப்பில், ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெண் தேடிய இளவரசன் கதையை டீச்சர் நடத்தியபோது, "அம்புட்டு நேரம் கூட ஆடுன ஆளுக்கு அவ மூஞ்சி தெரியாதா டீச்சர்?" என்று எழுந்து கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார். கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. காளீஸ்வரிக்கு நாற்பது தாண்டியாயிற்று, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இராஜபாளையத்தில் வீடு. கணவர் தங்கச்சாமிக்கு மில்லில் ஷிப்ட் வேலை. இவள் தினமும் பஸ் ஏறித் தளவாய்புரம் போய் நைட்டி தைக்கிறாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து செல்போனில் நாவல் எழுதுவாள். கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்துகொண்டு கட்டைவிரலால் எழுதுவாள். எல்லாம் சரித்திரக் காதல் நாவல்கள். சின்ன வயதில் படித்த ராஜகுமாரிக் கதைகளை அப்படியே தூக்கிவந்து, பாளையக்காரர் காலத்துச் சேத்தூர் மலையடிவாரத்தில் இறக்கிவிடுவாள். நூறு வருஷம் தூங்கிய ராஜகுமாரி அவள் கதையில் கண்விழித்ததும், தூங்குகிறவளைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்றுதான் முதலில் கேட்டாள். அவள் கதை போடும் செயலியில் அவளுக்கு வாசகிகள் உண்டு. வண்டை வண்டையாகத் திட்டுகிறவர்களும் உண்டு.

அந்த ஒற்றைச் செருப்புக் கதையை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள். முடிவு பிடிபடவில்லை. அந்த முடிவைக் கொடுத்தவள் பக்கத்து மிஷினில் தைக்கும் பாண்டிசெல்வி.

பாண்டிசெல்வி சோழபுரத்துப் பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கையோடு வெளிநாடு போன புருஷன் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தான்.

"வந்து எறங்குன ஆளு எம் மூஞ்சிய நிமிந்து பாக்கலக்கா. கையத்தான் பாத்தாரு. வளையல் எங்கன்னு கேட்டாரு. அம்மா ஆபரேசனுக்கு வித்துட்டேன்னு சொல்லி முடிக்கல, அடி விழுந்துச்சு" என்றாள் பாண்டிசெல்வி. அன்றைக்கே தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "மூஞ்சியே தெரியாதவருக்கு என் கை மட்டும் எதுக்காம்?" என்றாள்.

காளீஸ்வரியின் மிஷின் நின்றது.

"ஏட்டி, இத நான் எழுதிக்கிடட்டுமா?"

"எழுதுங்க. ஆனா கதையில அவ திரும்பிப் போயிறக்கூடாது."

"போகமாட்டா. என்னைய நம்பு."

அப்படித்தான் செங்கமலம் பிறந்தாள். செருப்புக்குப் பதிலாக வெள்ளித் தண்டை. தேர்த்திருவிழாவில் தன்னோடு பொழுதெல்லாம் பேசிய செங்கமலம் தவறவிட்ட ஒற்றைத் தண்டையை எடுத்துக்கொண்டு பாளையத்து இளவரசன் வீடு வீடாக வருகிறான். எதிரே நிற்கிற செங்கமலத்தைப் பார்த்தும், காலை நீட்டு, அளவு பார்க்க வேண்டும் என்கிறான். அவள், "என் முகம் தெரியாதவருக்கு என் கால் எதற்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். கதை அங்கே முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் காளீஸ்வரி அதை வாசித்துக் காட்டியபோது தையல்காரிகள் அத்தனை பேரும் பாண்டிசெல்வியைத்தான் பார்த்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மதுரையில் மாத நாவல் போடும் சௌந்தரபாண்டியன் அதைப் புத்தகமாக்கக் கேட்டார். காளீஸ்வரியும் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியருக்கான பிரதிகளை ஸ்ரீவில்லிபுத்தூரோடு நின்றுவிடும் பஸ்ஸில் போட்டுவிட்டார், இராஜபாளையம் வரை வரும் பஸ் எத்தனையோ இருந்தும். காளீஸ்வரி போய்க் கண்டக்டரிடம் பார்சலை வாங்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே பிரித்தாள். அட்டையில் தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

செங்கமலம் வெட்கத்தோடு காலை நீட்டியிருந்தாள். தண்டை கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணீர் மல்க அவன் மார்பில் சாய்ந்து, "என்னைக் கண்டுகொண்டீர்களே பிரபு" என்றாள். சுபம்.

காளீஸ்வரி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அங்கேயே நின்று போன் போட்டாள்.

"கடைசிப் பக்கத்த மாத்துனது யாரு?"

"நம்ம ப்ரூப் பாக்குற தம்பிதாம்மா. நல்லா எழுதுவான்" என்றார் சௌந்தரபாண்டியன். "காதல் நாவலு கல்யாணத்துல முடியலைன்னா யாரும்மா வாங்குவா? பொம்பளைங்க படிச்சிட்டுச் சந்தோசமா மூடி வைக்கணும்."

"எந்தப் பொம்பளகிட்டக் கேட்டீக? நான் பொம்பளதான, என்கிட்டக் கேட்டீகளா?"

"உங்க பேரைத்தானம்மா போட்டிருக்கோம். அப்புறம் என்ன வருத்தம்?"

"நான் சொல்லாததுக்கு என் பேரு எதுக்கு?"

அவர் சிரித்தார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். இனி ஒரு வரிகூட உங்களுக்குக் கிடையாது என்று சொல்லிப் போனை வைத்தாள். செங்கமலம் கேட்டது ஒரு பெண் பட்ட அடியிலிருந்து பேசிய பேச்சு. அதை ஒருத்தன் ஏசி அறையில் உட்கார்ந்து அடித்துவிட்டு, பிரபு என்று எழுதிவைத்திருக்கிறான். பாண்டிசெல்விக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பாண்டிசெல்வி இவள் முகத்தைப் பார்க்கவில்லை. தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நேத்து எங்க நாத்தனா வீட்ல சமாதானம் பேசக் கூப்பிட்டிருந்தாக. செங்கமலம் நாந்தான்னு அவளுக்கும் தெரியும். ஒங்க புஸ்தகத்த முந்தியே கடையில வாங்கி வச்சிருக்கா. கடைசிப் பக்கத்த எல்லாருக்கும் முன்னால படிச்சா. ஒன் சினேகிதியே சேத்து வச்சிட்டாளே, பொறவு என்ன வீம்பு, கெளம்பி வான்னா. எங்க அம்மாவும் தலைய ஆட்டுது." மிஷினை நிறுத்தினாள். "ஏங்க்கா அவள அனுப்புனீக?"

"நான் அனுப்பல, பாண்டி. நான் எழுதுன கடைசிப் பக்கத்தையே மாத்திட்டானுக" என்றாள் காளீஸ்வரி. நடந்ததை எல்லாம் சொன்னாள். செல்போனில் இருந்த தன் பக்கத்தையும் காட்டினாள். பாண்டிசெல்வி படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாகத் தைத்த நைட்டி திரும்பி வந்தால், தைத்தவளே பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டும். அடுத்தவள் தொடக்கூடாது. இது காளீஸ்வரி தைத்த தப்பு இல்லை. ஆனால் அவள் பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குவாளியைக்கூடத் திறக்காமல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். தான் எழுதிய கடைசிப் பக்கத்தைப் பிரிண்ட் போட்டு, புத்தகத்துக்கு ஒன்றாக எடுத்து வந்தாள். பையில் கொண்டுவந்திருந்த புத்தகக் கட்டை எடுத்து, கத்திரியால் முதல் பிரதியின் கடைசித் தாளை, ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினாள். அந்த ஓரத்தில் புதுத் தாளை வைத்து மிஷினுக்கு அடியில் கொடுத்தாள்.

"ஏக்கா, பேப்பரத் தச்சா ஊசி மழுங்கிப் போகும்" என்றான் சூப்பர்வைசர் மாரிசாமி.

"மழுங்கட்டும். என் சம்பளத்துல பிடிச்சுக்கிடு."

அவள் குரலைக் கேட்டவன் டீ குடிக்கப் போய்விட்டான். மற்ற பெண்கள் ஆளுக்கொரு பிரதியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்கள். வெட்டிய தாள்களில் இருந்த அத்தனை பிரபுக்களும் துணிக்கழிவு மூட்டைக்குப் போனார்கள். சரியாவது இந்த ஒரு கட்டுதான். கடை கடையாகத் தொங்குகிற மற்றப் புத்தகங்களில் செங்கமலம் காலை நீட்டிக்கொண்டுதான் இருப்பாள். அதை நினைக்க நினைக்கக் காளீஸ்வரி மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

பாண்டிசெல்வி எழுந்து வந்தாள்.

"ஒண்ண என்கிட்டத் தாங்க. நானே தைக்கேன்."

சிவப்பு நூலை மாட்டினாள். தாளை ஓரத்தோடு ஓரமாக வைத்து ஒரு தையல் ஓட்டினாள். திருப்பி வைத்து அதன் மேலேயே இன்னொன்று ஓட்டினாள். பிறகு அந்தப் பக்கத்தை வாய்விட்டு ஒருமுறை படித்தாள்.

"வார ஞாயித்துக்கெழமையும் பேசக் கூப்பிட்டிருக்காக. இத எல்லாருக்கும் முன்னால நான் படிச்சுக் காட்டுதேன்" என்றாள்.

"எங்க வீட்டுப் புஸ்தகத்துல அப்படி இல்லையே, இது நீயா ஒட்டுனதுன்னு ஒங்க நாத்தனா சொன்னா?"

"ஆமா, நாந்தான் தச்சேன்னு சொல்லுதேன்" என்றாள் பாண்டிசெல்வி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "இழுத்துப் பாக்கட்டும். ரெண்டு தையல் போட்டிருக்கேன்."