கல்லுமலைச் சிவப்பு

பரஞ்சோதிக்குக் காலையில் பசியாறுவதற்கு முன்னால் யாரையாவது திட்டியாக வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் சுகுமாரன்தான். சுங்கைப் பட்டாணியில் இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார்கள், ஒரே கேட்டுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள், நாற்பது வருடமாக ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இருவருக்கும் என்ன பகை என்று புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் யாராவது கேட்டுவிட்டால் போச்சு! பரஞ்சோதி வேன் இன்ஜினை அணைத்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

"நான் கல்லுமலைத் தோட்டம். அவன் ஆத்துமேடு. போதுமா?" என்பார். போதும் என்று சொன்னாலும் விடமாட்டார்.

சிடாம் கிரிப் பக்கம் ஆற்றுக்கு இந்தக் கரை கல்லுமலை, அந்தக் கரை ஆத்துமேடு. இரண்டும் ரப்பர்த் தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடம். கல்லுமலைப் பள்ளி வெள்ளைக்காரத் துரை காலத்துத் தகரக் கொட்டகை. விடியலில் அங்கே வேலைக்காரர்களைப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு நடக்கும். அவர்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனதும் அதே தரையில் பிள்ளைகள் உட்கார்ந்து அரிச்சுவடி சொல்வார்கள். ஆறு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி கூப்பிட்டால் ஓடிப்போய் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார், அதுவரை பிள்ளைகள் ஒருவரையொருவர் மொத்திக்கொண்டிருப்பார்கள். பரஞ்சோதி அங்கே படித்தவர். ஆத்துமேட்டுப் பள்ளியோ ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட பழைய கட்டடம். "அந்தப் பொகை வாடை சுகுமாரன் மேல இன்னும் அடிக்குது, கிட்டப் போய் மோந்து பாருங்க" என்பது பரஞ்சோதியின் பேச்சு.

எண்பதுகளில் இரண்டு தோட்டத்திலும் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். இரண்டையும் மூடிவிட்டுப் பெரிய சாலையோரம் ஒரே பள்ளியாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. எந்தப் பள்ளியின் பெயரை வைப்பது? பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளியின் பெயரை என்றார்கள். தலை எண்ண வந்த அன்று ஆத்துமேட்டுக்காரர்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மச்சான் பிள்ளை, மாமன் பிள்ளை என்று லோரியில் ஏற்றி வந்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்களாம். இது கல்லுமலைக்காரர்கள் சொல்வது. ஆத்துமேட்டில் கேட்டால், "இருந்த பிள்ளைங்க இருந்துச்சு. இவனுங்களுக்கு வயித்தெரிச்சல் லா" என்பார்கள். எப்படியோ, பெயர் ஆத்துமேட்டுக்குப் போய்விட்டது. கல்லுமலைப் பள்ளி என்று ஒன்று இருந்ததற்கு ஒரு பலகைகூட மிஞ்சவில்லை.

அதற்கு மேல் அப்போதிருந்த தலைமையாசிரியர் அடித்த கூத்து இருக்கிறதே! புதுப் பள்ளியின் முதல் விளையாட்டுப் போட்டி. கல்லுமலைப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆத்துமேட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள், கலந்து நிற்க மாட்டோம் என்று அழுதார்கள். கலக்க வைப்பதை விட்டுவிட்டு அந்த மனிதர், நமக்கேன் வம்பு என்று, இவர்களுக்குச் சிவப்புச் சட்டை, அவர்களுக்கு நீலச் சட்டை என்று கொடுத்துத் தொலைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்தும் விட்டார். சட்டைகள் மட்டும் நிலைத்துவிட்டன. அப்பன் சிவப்பென்றால் பிள்ளை சிவப்பு. கல்யாணப் பேச்சில்கூட, பிறக்கப்போகும் பிள்ளை எந்தச் சட்டை போடும் என்று கேட்டு அடிதடியானது உண்டு. பின்னால் தோட்டங்களை விற்றார்கள், ஜனங்கள் பட்டணத்தில் தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்புகளில் குடியேறினார்கள், பள்ளியும் அவர்கள் பின்னாலேயே சுங்கைப் பட்டாணிக்கு வந்தது. சண்டையும் கூடவே வந்தது. பரஞ்சோதி தன் வேனில் சிவப்புப் பிள்ளைகளை மட்டும்தான் ஏற்றுவார். மழையில் நனைந்து நிற்கும் நீலப் பிள்ளையைத் தாண்டிப் போயிருக்கிறார், பார்க்காதது போல.

இந்த லட்சணத்தில்தான் ஷீலா டீச்சர் தலைமையாசிரியையாக வந்தார். கூலிம்காரர், இந்தப் பகை எதுவும் தெரியாதவர், தெரிந்துகொள்ளவும் விரும்பாதவர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சிவப்புல ஏழு பேர்தான் இருக்காங்க. ரிலே ஓட ஒரே வயசுல நாலு பேர் கிடைக்கல. போன வருஷம் ஒரே பையன் ரெண்டு தடவ ஓடுனான். இந்த வருஷம் சீட்டுக் குலுக்கி எல்லாரையும் கலந்து பிரிக்கப் போறேன்."

பரஞ்சோதிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்த ஊரில் கல்லுமலை என்று மிச்சமிருந்தது அந்த ஏழு சட்டைகள்தான். அதையும் பிடுங்கினால் பிறகு எதற்கு உயிரோடு இருப்பது?

"ரெண்டு தடவ ஓடுனா என்னா டீச்சர்? எங்க பிள்ளைங்க மூணு தடவகூட ஓடுவாங்க! எங்க பேரப் புடுங்குனீங்க, இப்ப சட்டையையும் புடுங்குறீங்களா?"

அதிசயமாகச் சுகுமாரனும் எழுந்தார். "கலக்கக் கூடாது டீச்சர். நாங்க வருசா வருசம் ஜெயிச்ச சட்டை. இவனுங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

ஷீலா டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு உங்க ஆளுங்க பிள்ளைங்க யார் யார் வர்றாங்கன்னு வியாழக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க. ஆள் இருந்தா சட்டையைத் தொட மாட்டேன்."

அன்றே பரஞ்சோதி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கல்லுமலைக் குடும்பங்கள் தாமானுக்குத் தாமான் சிதறிக் கிடந்தன. ஒரு வீட்டில் கிரில் கதவைத் திறக்காமலேயே, "வாசலுக்குப் பஸ் வர்ற பள்ளில போட்டுட்டோம்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் ஒருத்தி. இன்னொரு வீட்டில் மீசை முளைத்த பையன், "கல்லுமலையா? அது எங்க அங்கிள் இருக்கு?" என்றான். அவனுக்குக் கிடைத்த வசவு அவன் பாட்டன் காலத்துக் கணக்கையும் சேர்த்து. சுற்றி முடித்தபோது ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. ஆனாலும் அவர் கலங்கவில்லை. தன் பேத்தி தர்வினி இருக்கிறாளே, அடுத்த வருடம் முதலாம் ஆண்டு. பரஞ்சோதியின் பேத்தியே சிவப்புப் போட்டால் மற்றவன் எல்லாம் வெட்கப்பட்டுக் கொண்டுவந்து சேர்ப்பான்.

மகன் தேவன் கூலிமில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பது சுங்கைப் பட்டாணி எல்லைக்கு வெளியே ஒரு தாமானில். மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பரஞ்சோதி அங்கே போனார். இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான், சட்டையைக்கூட மாற்றவில்லை.

"தர்வினிய நாளைக்கே கூட்டிட்டு வா. டீச்சர்கிட்ட காட்டணும்," என்றார் பரஞ்சோதி.

"அவள சீனப்பள்ளில பதிஞ்சாச்சுப்பா."

"என்னாடா சொல்ற? யாரக் கேட்டுப் பதிஞ்ச?"

"உங்களக் கேட்டா விடுவீங்களா?" தேவன் குரலை உயர்த்தவில்லை. "அஞ்சாம் ஆண்டு ரிலேல நான் கட்டையக் கீழ போட்டேன். நீலம் ஜெயிச்சிருச்சு. ஞாபகம் இருக்கா? மத்த பிள்ளைங்கள எல்லாம் வேன்ல ஏத்துனீங்க. என்னைய ரோட்டுல விட்டுட்டுப் போனீங்க. சொந்த மகன! தோட்டம் வரைக்கும் அழுதுகிட்டே நடந்தேன்."

"அதுக்கு? இத்தன வருசம் கழிச்சுப் பழி வாங்குறியா?"

"பழி இல்ல. என் பிள்ள நடக்க வேணாம், அவ்வளவுதான்." தேவன் எழுந்தான். "சும்மா நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க. சுகுமாரன் மாமா பேரனும் அங்கதான் பதிஞ்சிருக்கான். அவர் மகன் எங்கூடத்தான் வேல செய்யிறான். அவனும் வீட்ல இதே பாட்டைக் கேட்டு வளந்தவன்தான்."

அடிபட்டுத் திரும்பிய மனிதர் வழியெல்லாம் மகனைச் சபித்தார். சுங்கைப் பட்டாணி எல்லை வந்ததும் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. சுகுமாரனின் பேரனும் சீனப்பள்ளியா! அடேயப்பா, பள்ளியின் பி.ஐ.பி.ஜி., அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், அதன் தலைவரான சுகுமாரனின் சொந்தப் பேரன்! பரஞ்சோதிக்குச் சிரிப்புக்கூட வந்தது. சட்டை, பேத்தி எல்லாம் அந்த நிமிடம் மறந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில் அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்றால் நம்ப வேண்டும்.

வியாழக்கிழமை அலுவலக அறையில் சுகுமாரன் முன்னாடியே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷீலா டீச்சர், "சொல்லுங்கண்ணே. சிவப்புக்கு யாரு வர்றாங்க?" என்றார்.

"அது கெடக்கட்டும் டீச்சர். மொதல்ல இந்த ஆளக் கேளுங்க! நீலம் நீலம்னு குதிக்கிறானே, இவன் பேரன எங்க பதிஞ்சிருக்கான்னு கேளுங்க. சீனப்பள்ளி!"

சுகுமாரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏய், வாய மூடு! உன் பேத்தி மட்டும் எங்கய்யா? அதே பள்ளிதானே! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் மகன் எல்லாத்தையும் சொல்லிட்டான்!"

"அது என் மகன் எனக்குத் தெரியாம…"

"என் மகனும் எனக்குத் தெரியாமத்தான்!"

இருவரும் கத்தினார்கள். தலை எண்ணிய நாள், லோரி, புகை வாடை எல்லாம் வெளியே வந்தது. ஷீலா டீச்சர் சீட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். இருவருக்கும் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தார்.

"உங்க ரெண்டு பேர் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பள்ளிக்கு வரல," என்றார். "பெத்தவங்க எல்லாம் உங்க சண்டையப் பார்த்துத்தான் ஓடுறாங்க. அந்த ரெண்டு பள்ளிய தோட்டத்துக்காரன் மூடுனான், அரசாங்கம் மூடுச்சுன்னு சொல்றீங்க. இந்தப் பள்ளிய யாரு மூடப்போறாங்கன்னு சொல்லவா?"

பரஞ்சோதி வாயைத் திறந்தார். சுகுமாரனைப் பார்த்தார், அவராவது ஏதாவது சொல்லித் தொலைப்பார் என்று. சுகுமாரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார் ஷீலா டீச்சர். "எனக்குப் பிள்ளைங்களக் கூப்பிட்டுச் சீட்டுக் குலுக்கணும்."