இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம்

மகள் மேசையில் குனிந்து வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறாள். நுழைவுத் தேர்வுக்கான மாதிரித்தாள். ஒரு கேள்விக்கு நான்கு வட்டம். விடை எழுத ஒரு வரிகூட இடமில்லை.

"எழுதவே வேண்டாமா?" என்று கேட்டேன்.

"கறுப்பிச்சா போதும் அம்மா" என்றாள் தலை நிமிராமல். "இந்த வருசத்துலேருந்து தப்புக்கு மார்க்கு குறைப்பாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாவ."

அந்த 'எல்லாரும்' யாரென்று அறிய எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆசை. எங்கள் காலத்திலும் பரீட்சைச் சட்டம் மாறுவது அரசுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவள் ரப்பரைத் தேய்த்தபோது மிட்டாய் வாசனை வந்தது. இப்போது அழிப்பதற்குக்கூட வாசனை உண்டு. நான் படித்த காலத்தின் வாசனை வேறு: மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சிய பசையின் புளித்த வாடை. ஐம்பதுகளின் எல்லைக் கிளர்ச்சி ஆண்டுகள் அவை. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழகத்தோடு சேருமா, திருவனந்தபுரத்தோடே நிற்குமா என்று ஊர் இரண்டு பட்டுக் கிடந்தது. பாறசாலைச் சந்தைச் சுவரில் காலையில் தமிழில் ஒரு சுவரொட்டி. மாலைக்குள் அதன்மேல் மலையாளத்தில் ஒன்று. மழைக்காலத்தில் ஒரு மூலை பெயர்ந்தால் அடுக்கடுக்காக வரலாறே உரிந்து தொங்கும். ஆடு வந்து பாரபட்சமில்லாமல் தின்னும்.

நோட்டீசுகளும் கொடுப்பார்கள். ஒரு பக்கம்தான் அச்சு. நானும் என் தோழி செல்லபாயும் கூட்டத்தில் முண்டி, "அண்ணாச்சி, இன்னும் நாலு தாருங்க" என்று கை நீட்டுவோம். பெண்பிள்ளைகளுக்கும் உணர்ச்சி வந்துவிட்டதே என்று அந்த அண்ணாச்சிகள் பூரித்துப்போவார்கள். எங்களுக்கு வேண்டியது முதுகுப்பக்கம். முன்னால் 'உயிரையும் கொடுப்போம்' என்றிருக்கும். பின்னால் நாங்கள் அல்ஜிப்ரா போட்டிருப்போம்.

செல்லபாய் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரி, அதாவது விளவங்கோடு தாலுகா. நான் பாறசாலைக்கு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரைத் தாலுகா. நடந்தால் முக்கால் மணி நேரம்; பேசிக்கொண்டே நடந்தால் தூரமே இல்லை. ஒரே பள்ளிக்கூடம். அவள் தமிழ்ப் பிரிவு. என்னை அப்பா மலையாளப் பிரிவில் போட்டிருந்தார். வீட்டில் பேசுவது தமிழ்தான்; ஆனால் வேலை இருப்பது திருவனந்தபுரத்தில் என்பது அவர் கணக்கு. எங்கள் இருவருக்கும் ஒரே ஆசை: பள்ளி இறுதி முடிந்ததும் திருவனந்தபுரத்தில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே பஸ். அப்போது இந்த வழியில் ரயில் ஏது?

அந்த வருடம் பார்த்துச் சட்டங்களுக்கெல்லாம் பேதி கண்டுவிட்டது. பள்ளிக்கூட கிளார்க் சார் ஜன்னல் வழியாக வாரத்துக்கு ஒரு செய்தி எறிவார். "இனி இன்டர்மீடியட் இல்லா, கேட்டோ. ப்ரீ-யூனிவேர்சிட்டி ஆணு." அடுத்த வாரம், "மார்க்கு மாத்ரம் போரா, எழுத்துப் பரீட்சயும் உண்டு." வகுப்புகள் இங்கிலீஷில்தான் நடக்கும், ஆனால் உள்ளே நுழைவதற்கான கணக்குப் பரீட்சையைத் தாய்மொழியில் எழுத வேண்டுமாம்.

"எந்தத் தாய்மொழி சார்?" என்று செல்லபாய் கேட்டாள்.

"அது பின்னே அறிவிக்கும்."

தாய் யார் என்பதைப் பிறகு அறிவிப்பார்கள்! நாங்கள் காத்திருக்கவில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். இடது பக்கம் அவள் தமிழில் எழுதுவாள். எதிரே வலது பக்கம் அதே கணக்கை நான் மலையாளத்தில் எழுதுவேன். எந்த மொழி வந்தாலும் இருவரும் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொள்வது. அவளுக்கு மலையாள எழுத்து பஸ் போர்டு பார்த்து வந்தது. அவள் எழுதினால் எழுத்துகள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததுபோல் குண்டாக இருக்கும். அவள் பக்கத்தை நான் திருத்துவேன், என் பக்கத்தை அவள். ஒரே முக்கோணம் இரண்டு பாஷையிலும் அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. அந்த ஊரில் கட்சி சேராமல் இருந்தது அது ஒன்றுதான். அப்பாவையும் சேர்க்கலாம், தையல்காரரான அவர் இரண்டு கட்சிக்கும் கொடி தைத்தார்.

கடைசியில் அறிவிப்பு வந்தது. விளவங்கோடு தமிழகத்தோடு போகிறது, எங்கள் தாலுகா இந்தப் பக்கமே நிற்கிறது. அந்தந்தத் தாலுகாவுக்கு அந்தந்தப் பரீட்சை. செல்லபாய் நாகர்கோவிலில் தமிழில் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து நான் திருவனந்தபுரத்தில் மலையாளத்தில். ஒரே பஸ் என்பது அன்றோடு போயிற்று.

"அப்பம் நோட்டைப் பிரிச்சிருவோம். எனக்குத் தமிழ்ப் பக்கம், உனக்கு மலையாளப் பக்கம்" என்றாள் அவள், அழாமல்.

நோட்டை அப்பாவின் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் நடுத் தையலில் கத்திரி முனையை விட்டு நூலை உருவினார். தாள்கள் தனித்தனியாக விழுந்தன. நான் ஒன்றை எடுத்தேன். முன்னால் என் மலையாளம். திருப்பினேன். பின்னால் அவள் தமிழ். அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "காலேஜுக்குப் போற பிள்ளியளாக்கும்! ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டுண்ணு தெரியாதா மக்கா?"

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்து, சிரிப்பு நின்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் பரீட்சை முந்தி வருவதால் மொத்தத் தாளையும் அவளே கொண்டுபோவது, முடிந்ததும் எனக்குத் தருவது என்று முடிவாயிற்று. பரீட்சை நாள் பிற்பகல், நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே, அவள் வெயிலில் நடந்து வந்து நின்றாள். தாள்கட்டை நீட்டினாள்.

"எப்படி எழுதின?"

"எங்க எழுத? போனப்பம் வாசல்ல நோட்டீஸ் போட்டிருக்கு. பரீட்சை இல்லியாம், மார்க்கு மட்டும் பாத்து எடுப்பாவளாம்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "என் மார்க்கு உனக்குத் தெரியுமே. நீ ஒழுங்கா எழுது. வாறேன்."

மீதியிருந்த நாட்களில் நான் மலையாளப் பக்கத்தைத்தான் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் எடுத்ததும் கை தானாகத் திருப்பியது. அவள் அடித்துத் திருத்திய இடங்கள், விளிம்பில் போட்ட குட்டி மீன்கள். அவள் பக்கத்தையே படித்தேன்.

அதன் பலனைப் பரீட்சை அறையில் கண்டேன். முக்கோணத்தின் இரு பக்கம் சமமானால் என்று தொடங்கும் தேற்றம். கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு நடந்த நேர்முகத் தேர்வில், கட்டைக் குரல் பேராசிரியர் ஒருவர் என் விடைத்தாளை உரக்கப் படிக்கத் தொடங்கியபோதுதான் என் காதில் அது விழுந்தது. எழுத்து முழுவதும் மலையாளம். எழுதியிருந்தது முழுவதும் தமிழ். ஒரு வார்த்தை தவறாமல் செல்லபாயின் பக்கம்.

"வாயிச்சு. மனசிலாயி. பக்ஷே இது எந்து பாஷையா குட்டீ?"

வாசித்தாராம், புரிந்ததாம்; பாஷைதான் பிடிபடவில்லையாம். "தமிழாக்கும் சார். எழுத்து மட்டும் மலையாளம்."

அவர் பக்கத்திலிருந்த அம்மையாரிடம், "டீச்சரே, ஒந்நு கேள்க்கணே" என்று மறுபடி முதலிலிருந்து படித்தார், பாட்டுப் படிப்பதுபோல. இருவரும் சிரித்தார்கள். "கணக்கு சரியாணு" என்றார் அம்மையார்.

எனக்கு இடம் கிடைத்தது. செல்லபாயின் பெயர் நாகர்கோவில் பட்டியலில் இல்லை. அவளுடைய பாடத்தை எழுதி நான் உள்ளே போனேன். இதை அவளிடம் சொன்னபோது, "அப்பம் நானும் பாஸாக்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு சிரிப்பு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நர்சிங் படித்தாள், மதுரையில் வேலை, அங்கேயே கல்யாணம். வருடத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும். உள்ளே தமிழ், உறையின் மேல் என் விலாசம் மலையாளத்தில், அதே குண்டு எழுத்தில். கேரளா என்பதை மட்டும் இங்கிலீஷில் எழுதியிருப்பாள். எங்கள் தபால்காரர் தூரத்திலேயே அதை அறிந்து, "மதுர வந்நு" என்பார்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கடிதம் முழு இங்கிலீஷ் விலாசத்தோடு வந்தது. தபால்காரர் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே எழுதியிருந்தாள்: "மேல்விலாசம் என் மகன் எழுதினது மக்கா. நானும் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். உன் பேருக்கு முதல் எழுத்து வந்துவிட்டது. ரெண்டாவது எழுத்து எந்தப் பக்கம் வளையும் என்று கைக்குத் தெரியவில்லை."

அந்த எழுத்தை ஒரு தனித்தாளில் பெரிதாக எழுதி, எங்கே தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டு, பதிலோடு வைத்து அனுப்பினேன்.

அதற்கடுத்த கடிதமும் இங்கிலீஷ் விலாசத்தில்தான் வந்தது.