வாசலில் நின்ற மஞ்சள் கார்

றுக்கியாவிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள், அது அவசரமாக வேண்டுமென்றால் அவளுடைய தம்பியைப் பற்றி விசாரிக்கமாட்டார்கள். விசாரித்தால் மெஷின் நின்றுவிடும். அர்கம் என்ன சாப்பிடுவான், தோஹாவில் அவன் வேலை செய்யும் வீட்டு அறபி அவனை எப்படி நம்புகிறார், போன வாரம் போனில் என்ன சொன்னான் என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கால் மறுபடி மிதிக்கும்.

அவள் பெருமைப்படக் காரணம் இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் விரட்டிவிட, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவள் சிறு பிள்ளை. அர்கம் அதற்கு அடுத்த வருஷம் ஆலங்குடாப் பக்கத்து முகாமில், ஒரு கிடுகுக் குடிசையில் பிறந்தான். வாப்பா காய்ச்சலில் போனார். உம்மாவும் மவுத்தானபோது அர்கம் பள்ளிக்கூடத்துக் காற்சட்டையோடு திரிந்தான். றுக்கியா தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தையலில் உட்கார்ந்தாள். அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியது அந்த மெஷின்தான்.

ஆளானதும் அவன் வளைகுடாவுக்குப் போய், முதலில் செய்த காரியம் ராத்தா றுக்கியாவுக்கு வீடு கட்டியது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சு வாசல்படி ஏறாது. மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போவது பெண்ணின் வீட்டில். அர்கம் காசு அனுப்ப அனுப்பச் சுவர் உயர்ந்தது. மேசன் சீமெந்தில் மண்ணைக் கூட்டிக் கலக்கிறானா என்று றுக்கியா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். யன்னலுக்குக் கொழுக்கி பொருந்தவில்லை என்று கழற்றித் திருப்பிப் போடவைத்தாள். கடைசியில் ஓடு போட்டு, வெள்ளை அடித்து, காணி உறுதியையும் அவள் பெயரில் எழுதிவிட்டு, அர்கம் ஊருக்கு வந்தான். இனிப் போகமாட்டேன் என்றான். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலில் அவனுக்கு வேன் ஓட்டும் வேலை காத்திருந்தது.

வந்து சில வாரத்தில், மிச்சமிருந்த எல்லாவற்றையும் போட்டு அவன் வாங்கியது ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான். ஆனாலும் ஜப்பான் கார், தரையோடு தரையாகப் படுத்த மாதிரி, இரண்டே சீற்று.

ஊர் சிரித்தது.

"டேய் அர்கம், இவ்வளவு காசு குடுத்து ரெண்டு பேர்தான் போகலாமா? என்ட ஓட்டோல ஆட்டையும் சேத்து எட்டுப் பேர் போறம்," என்றான் சந்தியில் ஓட்டோ வைத்திருப்பவன்.

"உன்ட ஓட்டோல போறவங்க இறங்கிப் பாத்தா நாலு பேர்தானே மிஞ்சுறாங்க," என்றான் அர்கம்.

தாய்மாமன் இப்றாஹிம் சிரிக்கவில்லை. மீன் வாடியிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடியே வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"காணி வாங்கியிருக்கலாம். இல்லாட்டி ஒரு வேன் எடுத்து ஹயருக்கு விட்டிருக்கலாம். இது உழைக்குமா? இருபத்தைஞ்சு வயசில இந்த விளையாட்டு எதுக்கு மருமகன்?"

"பின்ன எப்ப மாமா? அறுபது வயசில இதுக்குள்ள குனிஞ்சு ஏறினா என்னை வெளிய இழுத்தெடுக்கிறது ஆரு?"

"உப்புக்காத்து ரெண்டு வருஷத்தில தின்னுரும்."

"நான் திங்க விட்டாத்தானே."

மாமா றுக்கியாவின் பக்கம் திரும்பினார். "நீ வளத்த புள்ளதானே, நீயாவது சொல்லு."

றுக்கியா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அவன் கள்ளுக் குடிச்சானா மாமா? சூது விளையாடினானா? அங்க அறபிர மகன்ட காரைக் கழுவிக் கழுவி நிழலுக்கு நிழல் மாத்தி வெச்ச புள்ள. ஒரு நாளும் கேற்றுக்கு வெளிய எடுக்க விடல்ல. எனக்கு வூடு கட்டித் தந்துட்டுத்தானே தனக்கெண்டு ஒண்டு வாங்கினான். ஓட்டட்டும்."

மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

பெரிய வீதியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுவதும் மணல். அந்தக் காரின் வயிறு மணலில் உரசும். அர்கம் ஒரு ட்ரக்டர் தேங்காய்ப் பொச்சுமட்டை வாங்கி, சக்கரம் போகும் தடத்தில் மட்டும் இரண்டு வரிசையாக அடுக்கி மிதித்து இறுக்கினான். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், காரைக் கழுவ நல்ல தண்ணீர்க் கானைத் தோளில் சுமந்து வந்தான். ஹோட்டல் வேலை முடிந்து வந்து, துணியை நனைத்துச் சக்கரத்தின் இடுக்கெல்லாம் துடைப்பான். துடைக்கும்போது தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொள்வான். றுக்கியா தையலிலிருந்து தலை நிமிர்ந்து அதைப் பார்ப்பாள். முகாமில் பிறந்த பிள்ளை எதையும் இது எனக்கு வேண்டும் என்று கேட்டு அவள் கண்டதில்லை. பெருநாளைக்கு உடுப்பு இல்லையென்றாலும் சரி என்பான். முதல் முறையாக ஒன்றை விரும்பியிருக்கிறான் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அந்த வருஷம்தான் கனமூலையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரஸாக் தேங்காய் வியாபாரி. முதல் மனைவி மவுத்தாகிவிட்டாள், பிள்ளை இல்லை. நல்ல மனிதர், ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளியில் காணலாம் என்றார் இப்றாஹிம் மாமா. றுக்கியாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் வயதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு திரும்பியிருந்தார்கள். இந்த முறை அவளும் ஆசைப்பட்டாள். சொல்லவில்லை. ஆனால் யன்னல் சீலைகளை இறக்கித் துவைத்து, ஓரம் மடித்துப் புதிதாகத் தைத்துப் போட்டாள்.

பெண் பார்க்க வரும் நாள் காலையில் அர்கம் கார்ச் சாவியோடு புறப்பட்டான்.

"எங்க போற?"

"காரைக் கூட்டாளி வூட்டுல விட்டுட்டு வாறன் ராத்தா. இது இங்க நிக்க வேணாம்."

அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. பெண் வீட்டு வளவில் நிற்பதெல்லாம் பெண்ணோடு போகும் என்று எண்ணிப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். தென்னை எத்தனை, பிரிட்ஜ் புதிதா, மாடு யாருடையது என்று கண் ஓடும். அதனால்தான் சிலர் இரவல் மோட்டார் சைக்கிளைக்கூட அன்றைக்குப் பக்கத்து வேலிக்கு அப்பால் தள்ளி வைப்பார்கள். றுக்கியாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்று அவள் கண்முன் நின்றது வேறொன்று. அகதி வீட்டுப் பெண் என்று இவர்களும் இளக்காரமாகப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

"ஏன் ஒளிக்கணும்? களவெடுத்ததா? என்ட தம்பி உழைச்சு வாங்கினது. வாசல்ல நிக்கட்டும். பாக்கட்டும்."

"ராத்தா..."

"நிப்பாட்டு வாப்பா. நான் சொல்றன்."

அவன் காரைக் கழுவித் துடைத்து வாசலுக்கு நேரே நிறுத்தினான். வெயிலில் அது பளபளத்தது.

ரஸாக்கின் மூத்த சகோதரி ஹஃபீலா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குசினியைப் பார்த்தாள். றுக்கியாவின் கையைப் பிடித்துத் தையலைப் புகழ்ந்தாள். வட்டிலப்பம் நன்றாயிருக்கிறது என்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். போகும்போது காரின் அருகில் நின்று அதன் கூரையைத் தடவினாள்.

"நல்ல வடிவான கார். எங்கட தம்பிக்கும் வடிவாத்தான் இரிக்கும்," என்றாள்.

இப்றாஹிம் மாமா அதை உபசார வார்த்தையென்று நினைத்துச் சிரித்தார். அர்கம் சிரிக்கவில்லை. அவன் றுக்கியாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

சில நாளில் மாமா பதில் கொண்டுவந்தார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"அவங்களுக்குச் சம்மதம். கண்டது கண்டபடி இருந்தாப் போதுமாம். வேற ஒண்டும் வேணாமாம்."

"கண்டதெண்டா?" என்றாள் றுக்கியா.

"வூடும்... வாசல்ல நிண்டதும்."

"மாப்பிள்ளை கைக்கூலி வாங்கிறது ஹராமெண்டு அவங்கட பள்ளியில பயான் சொல்றல்லயா?"

"அவங்க கைக்கூலி கேக்கல்லயே புள்ள. கண்டது இரிக்கட்டும் எண்டுதான் சொல்றாங்க."

றுக்கியா மெஷினை மூடினாள். "வேணாமெண்டு சொல்லுங்க. இவ்வளவு காலம் இருந்தன், இன்னும் இருப்பன்."

"இருப்பாய். ஊர் என்ன கதைக்கும்? கூடப்பிறந்தவளை விட்டுட்டுத் தம்பிக்காரன் காரைப் பிடிச்சுக்கிட்டான் எண்டு கதைக்கும். நாளைக்கு அவனுக்கு ஆரு பொம்புள குடுப்பாங்க? எனக்கு மட்டும் விருப்பமா புள்ள? ஆனா இந்த வாசலுக்கு இனி ஆரு வருவாங்க?"

அர்கம் வெளியே காரோடு சாய்ந்து நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கார் பொச்சுமட்டைத் தடத்தில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. கோபத்தில் போகிறான், கடற்கரை வரை ஓட்டிவிட்டு வரட்டும் என்று அவள் நினைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் நடந்து வந்தான். பாலாவியில் பஸ் மாறி வந்திருக்கிறான். சட்டை முதுகெல்லாம் வேர்வை. கையில் இராச் சாப்பாட்டுக்கு ஒரு இறாத்தல் பாண். அவள் வாசலில் நின்று அவனுக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தாள்.

"கார் எங்கடா?"

"கனமூலையில."

"அர்கம்!"

"மாப்பிள்ளை அதிலதான் ஊர்கோலம் வரணும் ராத்தா. அதுக்கு முதல்ல அவர் ஓட்டிப் பழக வேணாமா? கிளச் கொஞ்சம் இறுக்கம்."

அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தோளில்தான் விழுந்தது. "என்ட வாப்பா, நான் நிப்பாட்டச் சொல்லாட்டி..."

"சும்மா இருங்க ராத்தா. கார் இன்னொண்டு வாங்கலாம். பாண் ஆறுது, வாங்க."

இன்னொன்று வாங்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஹோட்டல் சம்பளத்தில் அந்தக் காரின் சக்கரம்கூட வராது. திருப்பிக் கேட்கவும் வழியில்லை. தானாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளையை, வாக்கு மாறினவன் என்று நாலு பேர் சொல்ல அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நிக்காஹ் நாளில் ரஸாக் அந்த மஞ்சள் காரில் வந்தார். பருத்த மனிதர். வெளியே வர முடியாமல் ஒரு பக்கம் காலும் ஒரு பக்கம் தொப்பியுமாகத் தவிக்க, இரண்டு பேர் கை கொடுத்து இழுத்தெடுத்தார்கள். பந்தலெல்லாம் சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அர்கம். உள்ளறையில் இருந்த றுக்கியாவுக்கு மற்றவர்களின் சிரிப்பு கேட்கவில்லை, அவனுடையது மட்டும் கேட்டது.

அந்த மாதமே அவன் தோஹாவுக்குத் திரும்பினான். ஹோட்டல் வேலை காற்றுக் காலத்துக்கு மட்டும்தான், வருஷம் முழுக்க ஓடாது என்று எல்லோரிடமும் காரணம் சொன்னான்.

ரஸாக் கெட்டவர் அல்ல. றுக்கியாவைக் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். ஆனால் காரைக் கழுவ அவருக்கு நேரமில்லை. தறப்பாளைப் போட்டு மூடிவைத்தார். தறப்பாளுக்குள் வேர்த்து, கதவோரத்தில் துரு சொரியத் தொடங்கியது. றுக்கியா நல்ல தண்ணீர் வாங்கித் தானே துடைத்துப் பார்த்தாள். அவன் துடைத்த மாதிரி வரவில்லை.

ஒரு நாள் ரஸாக் சொன்னார்: "ரெண்டு சீற்று வண்டி குடும்பத்துக்கு ஆகுமா? குடுத்துட்டு சின்னதா ஒரு பட்டா லொறி எடுப்பம். தேங்காய் ஏத்தலாம்."

"இஞ்ச பாருங்க, அதைத் தம்பிக்கே திருப்பிக் குடுங்களன். உங்களுக்கு அது தேவையில்லதானே."

"நான் அவனிட்டக் கேக்காம இருப்பனா? நேத்தே போன் பண்ணினன். மச்சான், அது உங்கட பொருள், உங்கட விருப்பமெண்டான். நல்ல விலைக்குக் குடுங்க, ஏமாந்திராதீங்க எண்டும் சொன்னான்."

அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்? லொறி வந்தபோது ஊரே ரஸாக்கைப் புகழ்ந்தது. புத்தியுள்ள மனுசன், விளையாட்டுச் சாமானை வித்து உழைக்கிற சாமான் வாங்கியிருக்கிறான் என்றார்கள். இப்றாஹிம் மாமாகூட அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு றுக்கியாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். யாரும் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அழுதால் எதற்கென்று கேட்பார்கள்.

அவளுக்கு மகள் பிறந்த பிறகு அர்கம் லீவில் வந்தான். மெலிந்திருந்தான். தாடியோரத்தில் ஓரிரு நரை, முப்பது வயது ஆகாமலே. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில் ரஸாக் லொறிச் சாவியை அவனிடம் நீட்டினார்.

"புத்தளத்துக்குத்தானே போறீங்க மச்சான், பின்னால தேங்காய் இரிக்கி, சந்தையில இறக்கிட்டு வாங்க."

றுக்கியா மகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறினாள். வெயில் இன்னும் ஏறவில்லை. களப்புப் பக்கமிருந்து காற்று வந்தது. பாலாவி வரை வீதி நேராக, வெறுமையாகக் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து, கிழவர்கள் ஓட்டுவதுபோல ஓட்டினான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் ஹோன் அடித்துக்கொண்டு முந்தினார்கள். அவன் ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டான். பின்னால் வந்த பஸ்ஸுக்கும் ஒதுங்கினான்.

"கொஞ்சம் வேகமாப் போயன் தம்பி. ரோட்டுல ஒருத்தருமில்லயே," என்றாள்.

"எதுக்கு ராத்தா?"

"சும்மாதான். உனக்கு விருப்பமெண்டு..."

அவன் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். நல்ல சிரிப்புத்தான், அதில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"தேங்காய் உருண்டுரும் ராத்தா. மச்சான்ட சாமான்தானே," என்றான்.

றுக்கியா அவன் தன் முகத்தைப் பார்க்காதபடி குனிந்து, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் மறைத்தாள். பிள்ளை மேல் அப்போது வெயில் படவில்லை.