நான் கேட்ட வெயில்

என் மகன் உயிர் பிழைத்தது என் வேண்டுதலின் பலன் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. அம்மனை நம்புகிற உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஊர் கச்சிராயபாளையம். மகன் கார்த்தி இமயமலைப் பக்கம் ரோடு போடும் இடத்தில் பொக்லைன் ஓட்டுகிறான். போன தை மாதம் ஒருநாள் போன் செய்தான். "யம்மா, இங்க பனி கொட்டிக்கினே இருக்குது. பாதை மூடிப்போச்சு. மலைச் சரிவுக்கு அடியிலதான் எங்க ஷெட்டு. சாப்பாடும் கம்மியா..." அதோடு லைன் போய்விட்டது. பிறகு எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மக்காச்சோளம்தான். களத்தில் கொட்டியது நனைந்தால் அம்மனிடம் வெயில் கேட்பேன். இதற்கும் அதையே கேட்டேன். "தாயே, அந்த மலையில சுள்ளுன்னு வெயில் அடிக்கணும். பனி உருகணும். என் புள்ள எறங்கி வரணும்." பட்டினி கிடந்தேன். தெருப் பெண்களையும் வேண்டிக்கொள்ளச் சொன்னேன். டிவியில் பார்த்தால் அங்கே மூட்டமும் குளிரும்தான். ஆத்திரம் தாங்கவில்லை. பூசாரி பார்த்துக்கொண்டிருக்கவே, "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சன்னதியில் நின்று கத்தினேன். விளக்குகூட ஏற்றாமல் வந்துவிட்டேன். வீட்டுக்காரர், "இன்னாடி, சாமிகிட்ட இப்டியா பேசுவாங்க?" என்றார். அவரையும் ஏசினேன்.

மறுநாள் சாயங்காலம் மகனே போன் செய்தான். கீழே ஒரு ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டானாம். குரலைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வெயிலே வரலியேடா, எப்படி எறங்குன?"

"நல்ல வேள வரலம்மா. வெயில் பட்டா மேல இருக்கிற புதுப் பனி இளகி மொத்தமா சரிஞ்சிடும். குளிருல கெட்டியா இருக்கும்போதே நடந்துடணும்னு அந்த ஊருக்காரர் ஒருத்தர் காலையிலயே எங்கள இட்டுக்கினு வந்துட்டாரு. நாங்க எறங்குனப்புறம்தான் வெயில் அடிச்சுது. ஷெட்டு மேல பனி சரிஞ்சு, இருந்த எடமே தெரியலம்மா."

நான் கேட்ட நாளிலேயே வெயிலைக் கொடுத்திருந்தால் என் பிள்ளையும் அந்தப் பனிக்குள் போயிருப்பான்.

கோயிலுக்குப் போனேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூசாரி, "பாத்தியாம்மா, கேட்டத குடுத்துட்டா" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது.

அவன் இன்னும் மலையில்தான் வேலை செய்கிறான். தினமும் விளக்கேற்றி அவன் பெயரை மட்டும் சொல்கிறேன். வேறு எதுவும் கேட்பதில்லை. உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். அழுங்கள். சண்டைகூடப் போடுங்கள், தாங்கிக்கொள்வாள். எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.