வெள்ளைப் பறவைக்கு வைத்த சோறு

யுத்தம் முடிந்த வருடம் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தார். சுவிஸ் பாஸ்போர்ட் கைக்கு வர இன்னும் ஒரு வருடம் இருந்ததால் கொள்ளி வைக்க நான் போகவில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகு முதலில் போன இடமும் யாழ்ப்பாணம் அல்ல, கிரீன்லாந்து. வின்டர்தூரில் நான் சமைத்த உணவகத்துக்குச் சாப்பிட வந்த ஒருவர், பனியை ஆராயும் நிலையம் ஒன்றுக்குச் சமையல்காரர் தேவை என்றார். ஒரு கோடைதானே என்று சம்மதித்துவிட்டேன்.

அங்கே பதினொரு பேர் இருந்தோம். சூரியன் மறைவதே இல்லை. வெண்கரடி வருகிறதா என்று ஆளுக்கொரு நாள் காவல் பார்க்க வேண்டும். ஐஸை உருக்கித்தான் தண்ணீர், ஆகவே குளிப்பு இரண்டு நிமிடம். எந்தப் பறவைக்கும் மிருகத்துக்கும் சாப்பாடு போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். குப்பைப் பெட்டியின் மூடிக்குக்கூடக் கொளுக்கி போட்டிருந்தார்கள்.

சமையலறைக்குப் பின்னால் கற்களுக்கு நடுவே ஒன்பது கடல்வாத்துகள் அடைகாத்தன. அவற்றை ஆராய லொசானிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி நட்டிருந்தாள். காலையும் மாலையும் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பற்றியே கதைப்பாள்.

ஜூலையில் அப்பாவின் திவசம் வந்தது. சோறும் பருப்பும் கிழங்கும் சமைத்துப் படைத்தேன். காகம் எடுத்தால்தான் செத்தவர் சாப்பிட்டார் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்தக் கரையில் ஒரு காகத்தையும் நான் கண்டதில்லை. கூரையில் பெரிய வெள்ளைப் பறவை ஒன்று இருந்தது. முட்டை தின்னும் சாதி என்று மாணவி சொல்லியிருந்தாள். அதைத்தான் கூப்பிட்டேன். கா கா என்றே கூப்பிட்டேன், வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? இறங்கி வந்து, நான் வைத்த பிடி சோற்றை ஒரே வாயில் விழுங்கியது.

செய்மதித் தொலைபேசியில் அம்மாவோடு கதைத்தேன். அவர் சூரிச்சில் அக்காவோடு இருந்தார்.

"காகம் எடுத்ததோ தம்பி?"

"ஓம் அம்மா, எடுத்தது."

அம்மா அழுதார். நானும் அழுதேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த நாளும் அது பின்கதவடியில் வந்து நின்றது, நானும் வைத்தேன். இரண்டு கிழமை வைத்தேன். அது இன்னும் இரண்டு பறவைகளைக் கூட்டி வந்தது. செய்வது பிழை என்று தெரியாமல் இல்லை. கொள்ளி வைக்காதவன் சோறாவது வைக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மூன்று நாள் காற்றும் மழையும். பின்கதவைத் திறக்கவே முடியவில்லை, சோறும் வைக்கவில்லை. திறந்தபோது குச்சிகள் நின்றன, கூடுகளில் வெறும் முட்டைக் கோதுகள். மாணவி அவற்றுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பறவைகளை இங்கே பழக்கியது யார் என்று நிலைய மேலாளர் எல்லோரையும் கேட்டார். மழைக்கு முன் கடைசியாகக் குப்பை கொட்டியவர் எங்கள் மெக்கானிக். சுவிஸில் லாங்கன்தால் ஊர்க்காரர், ஒரு திருகாணியைக்கூட அதன் டப்பாவில் திரும்ப வைக்கிற மனிதர்.

"கொளுக்கியை மாட்டினேனா என்று ஞாபகமில்லை," என்றார். "நானாகத்தான் இருக்கும்."

எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அகப்பையோடு நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அப்பாவின் சோற்றைக் குற்றம் என்று சொல்ல வாய் வராதது மீதி. அவருடைய கோப்பையில் இன்னொரு தரம் சூப் ஊற்றினேன்.

சில வருடங்கள் கழித்து வின்டர்தூர் ரயில் மேடையில் அவரைக் கண்டேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். வீட்டுக் குப்பைப் பெட்டியின் மூடியைப் பார்க்க மூன்று தரம் கீழே இறங்குவதாகவும், மனைவி ஏசுவதாகவும் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒன்பது கூடு," என்றார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். உங்களில் பிழையில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

"அன்றைக்கு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ மட்டும்தான் எனக்கு இன்னொரு தரம் சூப் ஊற்றினாய். அதை நான் மறக்கவில்லை."

ரயில் வந்தது. ஏறி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையசைத்தார். நானும் அசைத்தேன்.