கொம்பியின் கழுத்துக் கட்டை

தன்னாமுனையில் வாவியைப் பார்த்த வீட்டு வளவு எங்களுடையது. அப்பாவின் முழங்கால் இயலாமல் போன பிறகு அவருடைய எட்டு மாடுகளையும் என் தங்கை விதுர்ஷாதான் பார்க்கிறாள். முன்பு அவளைக் கோணாமலையின் சின்ன மகள் என்றவர்கள், இப்போது அப்பாவை விதுர்ஷாவின் அப்பா என்கிறார்கள். எனக்கு அது கேட்கக் கேட்கச் சந்தோஷம்.

ஒன்பதாவது மாடு கபிலை. அது அவளுடைய சொந்த மாடு. இரண்டு வருடம் காமன்ட்ஸ் தொழிற்சாலையில் தைத்துச் சேர்த்த காசைக் கொண்டு, சித்திரை மாதம் உன்னிச்சையில் வாங்கி வந்தாள். அப்போதே கபிலை தலைச்சன் சினை. ஆவணி வரும்போது விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

புல்லுக்குக் குறைவில்லை. தண்ணீர்தான் காரணம். கோடையில் வாவித் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் மட்டுமே இருக்கும். அதில் ஒரே நேரத்தில் மூன்று தலைக்குத்தான் இடம். மத்தியானம் ஒன்பதும் ஒன்றாக வந்து விழும். முதலில் குடிப்பது அப்பாவின் மாடுகளில் பெரியதான கொம்பி. கடைசியாகக் கபிலை கிட்டப் போனால் ஏதாவது ஒன்று குத்தித் துரத்தும். வாளியில் தனியாகக் கொண்டுபோய் வைத்தாலும் மற்றவை வாளிக்கும் வந்துவிடும். ஒரு நாள் வயிற்றுப் பக்கமாகக் குத்து வாங்கிக் கபிலை கிணற்றடியில் சரிந்து விழுந்தது.

கொம்பிக்குக் கொம்பு பெரிது, குடிப்பதும் முதலில். ஆகவே குற்றவாளி அதுதான் என்று அப்பா முடிவெடுத்தார். வேலி பாயும் மாட்டுக்குக் கட்டுவது போல, நடந்தால் முழங்காலில் இடிக்கிற புளியங்கட்டை ஒன்றை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"பத்து நாள் பாப்பம், புள்ள. தேறாட்டி கபிலையை நல்லரத்தினத்துக்குக் குடுத்திருவம். வயித்துக் கண்டோட செத்தா ஒருத்தருக்கும் இல்லாமப் போயிரும்" என்றார். நல்லரத்தினம் மாட்டு வியாபாரி.  அன்றைக்கு விதுர்ஷா சோறு தின்னவில்லை.

கட்டை கட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது. கபிலை வளவுக்குள் வரவே பயந்து படலையடியில் நின்றது. அடுத்த நான்கு நாளும் மத்தியானத்தில் விதுர்ஷா குசினிச் சுவரோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுப் படம் பார்க்கிறாயா என்று நான் பகிடி பண்ணினேன். ஐந்தாம் நாள் என்னையும் பக்கத்தில் இருத்தினாள்.

"அக்கா, கொம்பி ஆரையாவது குத்தினதைக் கண்டீங்களா?"

பார்த்தேன். கொம்பி யாரையும் குத்தவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தும், மற்றவை தாமாக விலகிவிடும். குத்தியது புள்ளி என்கிற மாடு. தண்ணீர் குடிக்கிற வரிசையில் அது மூன்றாவது. இரண்டாவதாக வரும் செவலை அதைத் தள்ளிவிட்டால் அந்தக் கையோடு திரும்பிப் பின்னால் நிற்பதைக் குத்தும். இப்போது கட்டை இடித்துக் கொம்பி மெதுவாக வருவதால், புள்ளி முந்திக்கொண்டு தொட்டியைத் தனதாக்கியிருந்தது.

"எங்கட காமன்ட்ஸ் லைன்லயும் இப்பிடித்தான்" என்றாள் விதுர்ஷா. "சுப்பவைசர் ஒருநாளும் என்ன ஏசினதில்ல. அவவிட்ட ஏச்சு வாங்கிற ரெண்டு பேர் இருந்தாளுகள். அவளுகள்தான் நான் தைச்சு முடிச்ச துணியை ஒளிச்சு வைப்பாளுகள்."

இதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க அடுத்த பஸ்ஸில வந்து கூட்டிட்டு வந்திருப்பீங்க. மறுகா மாடு எப்பிடி வாங்கிற?"

 அவள் எழுந்து போய்க் கொம்பியின் கட்டையை அவிழ்த்தாள். அப்பா வாசலில் நின்று சத்தம் போட்டார். பத்து நாளில் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பழைய மீன் வலையையும் கம்புகளையும் கொண்டு வளவின் மூலையை அடைத்தாள். கொம்பியையும் கபிலையையும் மட்டும் உள்ளே விட்டு, இரண்டுக்கும் ஒரே வைக்கோல் குவியலைப் போட்டு, வாளியில் தண்ணீரும் வைத்தாள். முதல் நாள் கபிலை வலையோடு ஒட்டியே நின்றது. இரண்டாம் நாள் குவியலின் அந்தப் பக்கம் கொம்பியும் இந்தப் பக்கம் கபிலையும் தின்றன. நான்காம் நாள் கொம்பி கபிலையின் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் இரண்டையும் மற்றவையோடு மேயவிட்டாள். மத்தியானம் மாடுகள் திரும்புகிற நேரம் பார்த்துக் கபிலையைக் கொண்டுபோக நல்லரத்தினம் வந்து சேர்ந்தார். கொம்பி நேரே தொட்டிக்குப் போனது. அதன் விலாவை உரசிக்கொண்டு கபிலையும் போய்த் தண்ணீரில் வாயை வைத்தது. புள்ளி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கிட்ட வந்தது. கொம்பி நனைந்த முகத்தைத் திருப்பி அதை ஒருமுறை பார்த்தது. புள்ளி சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டது. கபிலை தலை நிமிரவே இல்லை. குடித்துக்கொண்டே இருந்தது. விதுர்ஷா வாளியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அப்பா நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ, நல்லரத்தினம். வேற அலுவல் ஒண்டும் இல்ல" என்றார்.

ஐப்பசியில் மழை தொடங்கிய வாரம் கபிலை பெண்ணாய் நாகு கன்று ஒன்றை ஈன்றது. நெற்றியில் வெள்ளை. கபிலை இப்போது வரிசையில் ஐந்தாவது. புள்ளி திருந்தவில்லை, செவலையின் இளங்கன்றைத் துரத்தத் தொடங்கியிருக்கிறது. நேற்றிலிருந்து விதுர்ஷா மறுபடியும் குசினிச் சுவரோரம் கதிரையைப் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை பக்கத்தில் அப்பாவுக்கும் ஒரு கதிரை.