வெறும் நெற்றிக்கு ஒரு சிலை

சரோஜாம்மாள் இறந்த செய்தி எனக்குச் சுவரொட்டி ஆர்டராகத்தான் வந்தது. அச்சுக்கூடத்தைத் திறந்துகொண்டிருந்தேன். சிலைக் குழுவின் தலைவர், ஜரிகை வியாபாரி, ஊரே தாமல்காரர் என்று அழைக்கும் மனிதர், தன் படத்தை அச்சடிக்கும் பிளாக்கைக் கையோடு கொண்டுவந்து நின்றார். "சரோஜாம்மா போயிட்டாங்கபா. கண்ணீர் அஞ்சலின்னு போடு. என் படம் பெரிசா வரட்டும். அவங்க படம் அப்புறமா வாங்கித் தரேன்" என்றார். அவர் கண்ணில் கண்ணீரைத் தேடிப் பார்த்தேன், காய்ந்துதான் கிடந்தது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை 'வாயாடி' என்பதைத் தவிர வேறு பெயர் இவர் வாயில் வந்ததில்லை. வேறு அச்சுக்கூடம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சரோஜாம்மாளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பலரும் அவருடைய வாய்க்குப் பயந்தவர்கள், நானும்தான். கணவர் ஏகாம்பரம் தறியில் உட்கார, இவர் இராட்டையில் பட்டு சுற்றுவார். சுற்றி முடித்த கையோடு வரதம்மாள் சிலைக்காக வீடு வீடாக ஏறி இறங்குவார். வெள்ளைக்காரன் காலத்தில் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று இந்த ஊரில் தெருத்தெருவாகப் பேசியவர் வரதம்மாள். இளம் வயதிலேயே தாலி அறுத்தவர். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி.

அந்த வரதம்மாள் மேல் சரோஜாம்மாளுக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று ஒருமுறை கேட்டேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டி இழை சரிபார்ப்பது நமக்குத் தெரிந்த வேலை. அந்த நேரத்தில் விதவை குறுக்கே வந்தால் இழை அறும் என்பார்கள். வரதம்மாள் பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் வருவாராம். "கையில பாவு இருக்குது, எழுந்து ஓட முடியாது. காது சும்மாதானே இருக்குது" என்பாராம். ஒருநாள் பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சியை, சுடச்சுட, ஒருத்தி அவர் மேல் ஊற்றினாள். "ஊத்துனது எங்கம்மாண்ணா. நான் பக்கத்துல நின்னுக்கினு பார்த்தேன். சுதந்திரம் வந்தப்புறம் ஓட்டுப் போட எங்கம்மாதான் தெருவுல மொத ஆளு. அப்போ அந்தம்மா உசுரோட இல்ல" என்றார் சரோஜாம்மாள். கையோடு சிலை வசூல் நோட்டீஸுக்குப் பிழை திருத்த உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாகப் பீடம் எழும்பியது. சிற்பியும் சுண்ணாம்புச் சாந்தில் மாதிரித் தலை ஒன்று செய்து கொடுத்தார். அப்போதுதான் தாமல்காரருக்குப் பக்தி வந்தது. பீடம் இருப்பது சாமி புறப்பாடு திரும்பும் முனை. பெருமாள் திரும்பியதும் முதலில் ஒரு தாலியறுத்தவள் முகத்தில் விழிப்பதா என்று குழுவில் கேட்டார். குங்குமப் பொட்டும் தலையில் பூவும் வைத்து, கோர்வைக் கரை போட்ட பட்டுப் புடவையும் உடுத்தினாற்போல் செய்துவிட்டால் தோஷமும் இல்லை, ஊர்ப் பட்டுக்கு விளம்பரமும் ஆயிற்று என்றார். ஆகா, என்ன மூளை! கை தூக்கச் சொன்னார்கள். குழுவில் நானும் உண்டு, சரோஜாம்மாள் ஒருவர்தான் பெண். பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவளின் நெற்றியில் என்ன இருக்க வேண்டும் என்று வேட்டி கட்டியவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். என் ஒரு கையும் அவர் கையும் எந்த மூலைக்கு? அவர் எழுந்து மாதிரித் தலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கஞ்சி ஊத்துனது இந்த நெத்தியிலதான். இதே நெத்தியோட வைங்க. இல்லன்னா பீடம் காலியா இருக்கட்டும். காலியா இருந்தா பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தலை என் அச்சுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பீடம் காலியாகவே நின்றது. கோடையில் அதன்மேல் மோர்ப் பானை வைத்தார்கள், மற்ற நாட்களில் ஆடு படுத்தது. ஊர்க்காரர்கள் சரோஜாம்மாளைப் பார்க்கும்போதெல்லாம், சிலை எப்போம்மா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு ஆயுத பூஜைக்கு என் ஆட்கள் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த வேகத்தில் தலைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். பொரி வாங்க வந்த சரோஜாம்மாள் அதைப் பார்த்து முந்தானையால் அழுத்தித் துடைத்தார். "செத்தப்புறமும் ஒருத்திய விடமாட்டீங்களாபா?" என்றார்.

விடமாட்டார்கள். அவரையும் விடவில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததால் மஞ்சள் பூசி, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, கூறைப் புடவை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவரைத் 'திருமதி சிலை' என்று கேலி பேசிய பெண்கள் வரிசையில் நின்று, பிணத்தின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். கொடுத்து வைத்த மகராசி என்றார்கள். தாமல்காரர் கூட்டத்தின் நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுமங்கலியா போயிருக்காங்க, ஒரு தோஷமும் இல்ல. அந்தப் பீடத்துல இவங்களுக்கே சிலை வச்சிடலாம். பொட்டு, பட்டுப் புடவை, எல்லாம் பொருத்தமா இருக்குது" என்றார். நல்ல யோசனை என்று நாலு தலை ஆடியது. செத்தவர் எழுந்து வந்து நாலு வார்த்தை கேட்கக்கூடாதா என்றிருந்தது எனக்கு.

காரியம் முடிந்த மறுநாள் ஏகாம்பரம் என் அச்சுக்கூடத்துக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். சட்டைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கல்யாணத்தன்று எடுத்தது. சரோஜாம்மாளுக்கு இருந்த ஒரே படம்.

"சிலை செய்ய ஃபோட்டோ கேக்கறாங்கபா. இல்லன்னுட்டேன். எங்கிட்ட இருந்தா நாலு பேரு கெஞ்சனா குடுத்துடுவேன். நீ வச்சிக்கோ" என்றார். வரதம்மாளின் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

ஊர்ச் சுவர்களில் இப்போது தாமல்காரர் பெரிதாகச் சிரிக்கிறார். சரோஜாம்மாளுக்கு விட்ட இடம் வெள்ளையாக இருக்கிறது. பீடத்தில் ஆடு படுத்திருக்கிறது. வெறும் நெற்றியோடு ஒருத்தி, பொட்டோடு ஒருத்தி, இரண்டு பேரும் என் அச்சுக்கூடத்து அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். சரோஜாம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு முகமும், பொய் சொல்லாத ஒரு பீடமும்தான். தாமல்காரரே, இனி இல்லாததைத் தேடி அலைய வேண்டாம், படம் என்னிடம்தான் இருக்கிறது. வந்து கேட்டுப் பாருங்கள்.